உலக முடிவு வரைக்கும் வீல்சேர் போகுமா?

கேள்வி: அப்பா தோட்டத்தில் நிழல்மரத்துக் கிளை வெட்டப் போய் விழுந்தவர். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே முதுகெலும்பு முறிந்து, இப்போது வீல்சேரில்தான் இருக்கிறார். கைகளுக்கு நல்ல பலம் உண்டு. இளவயதில் கூட்டாளிகளோடு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்வந்தவர், சாவதற்குள் இன்னொருதரம் அந்தப் பக்கம் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அண்ணன்மார் "நாலு பேர் சேர்ந்து தூக்கிட்டுப் போயிடலாம்" என்கிறார்கள். வேன் டிரைவர் "அங்கயெல்லாம் வீல்சேர் சரிவராது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? மலையகத்தில் வீல்சேர் போகிற காட்டுப்பாதை எதுவுமே இல்லையா?
– நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு மகள்

பதில்:

தங்கச்சி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்று சொல்கிற பெரும்பள்ளத்து விளிம்புக்குப் போகும் நடைபாதையில் சாதாரண வீல்சேர் போகாது. டிரைவர் சொன்னது அந்த அளவுக்குச் சரி. ஆனால் அதற்காக அப்பாவை ஹோர்ட்டன் சமவெளிக்கே கூட்டிப்போக முடியாது என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு, இது வேறு. ஒரு பாதை ஆகாது என்று கேட்டதும் மொத்தப் பயணத்தையும் கைவிட்டுவிடுகிற குடும்பங்களைப் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் நான் நிறையப் பார்க்கிறேன். இன்னும் சில குடும்பங்கள் ஆகாத பாதையிலேயே ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

அந்தப் பாதை ஏன் ஆகாது என்று முதலில் பார்ப்போம். ஃபார் இன் என்ற பார்வையாளர் நிலையத்துப் பக்கத்தில் தொடங்கி, சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றிவந்தால் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். தூரத்தைச் சமாளித்துவிடலாம், நிலம்தான் பிரச்சினை. மழைத்தண்ணீர் ஓடி ஓடிப் பாதையின் நடுவில் வாய்க்கால் விழுந்திருக்கும், அதற்குள் கூழாங்கல் உருண்டு கிடக்கும், காட்டுக்குள் நுழைந்துவிட்டால் வேரும் பாறையும் படிபோல உயர்ந்து நிற்கும். வீல்சேரின் முன்சக்கரம் எவ்வளவு சிறியது என்று உங்களுக்குத் தெரியும், இரண்டு அங்குல வேரில் அது முட்டினால் நாற்காலி அங்கேயே நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் நிற்கமாட்டார், முன்னால் போய் விழுவார். பெரிய உலக முடிவில் பள்ளம் ஏறத்தாழ 870 மீட்டர். அதன் ஓரத்தில் உருளும் நாற்காலியை நிறுத்திவைப்பதை நினைத்தாலே எனக்குப் பயம்.

அண்ணன்மார் தூக்குவது பற்றி. அவர்களுடைய பாசத்தில் குறையில்லை, ஆனால் தயவுசெய்து வேண்டாம். வீல்சேரைத் தூக்கப் போகிறவர்கள் முதலில் பிடிப்பது கைப்பிடிச் சட்டத்தையும் கால்மிதியையும்தான், பல நாற்காலிகளில் அவை இரண்டும் கழற்றக்கூடியவை. ஒரு பாறையில் ஒருவருக்குக் கால் வழுக்குகிறது, பாரம் ஒரு பக்கம் சாய்கிறது, கைப்பிடி மேலே கழன்று வருகிறது, ஆள் கீழே. அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்றால் எலும்பு முறிந்தாலும் வலி தெரியாது. பல நாள் நிற்காத கால் எலும்பு பலவீனமாக இருக்கும், சின்ன அடியிலும் முறியும். படியில் நாலைந்து அடி தூக்கவேண்டி வந்தால், அதுவும் கழற்ற முடியாத பிரதான சட்டத்தைப் பிடித்து, ஒருவர் மட்டும் கட்டளை சொல்ல மற்றவர்கள் கேட்டு, சரி, தூக்கலாம். மைல்கணக்கில் தூக்குவது வேறு. அதோடு அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? மரத்தில் ஏறி வேலை செய்த மனுஷன், பிள்ளைகள் மூச்சுவாங்கித் தன்னைச் சுமப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க அவருக்குச் சம்மதமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது, அங்கே என்ன செய்யலாம். பட்டிப்பொலை வழியாகப் போனாலும் ஒஹிய வழியாகப் போனாலும் வாகனம் பூங்காவுக்குள் ஃபார் இன் வரைக்கும் போகும். அந்த வழியே சமவெளியின் நடுவால்தான் போகிறது. இரண்டு பக்கமும் புல்வெளி, ஓரத்தில் மஹாரத்மல் என்று சொல்கிற சிவப்புப் பூ மரங்கள், புல்லில் மரை மேயும். அதிகாலையிலும் மாலையிலும் மரைகள் வழிக்குக் கிட்டவே வந்து நிற்கும். மூடுபனி, குளிர்காற்று, அப்பா இளவயதில் பார்த்ததில் பெரும்பகுதி அந்த வழியிலேயே இருக்கிறது. காலையில் வாசல் திறந்ததும் உள்ளே போங்கள், மெதுவாகப் போகச் சொல்லுங்கள், ஃபார் இன் பக்கத்தில் சமதரையாகத் தெரிகிற இடத்தில் நாற்காலியை இறக்கி ஒரு மணித்தியாலம் உட்காரவையுங்கள். மரைக்கு ஒன்றும் போடாதீர்கள், பொலித்தீன் பை வாசலிலேயே பிடிபடும். நடைபாதையின் தொடக்கத்தில் கொஞ்சதூரம் தள்ளிப் பார்க்க ஆசையாக இருந்தால், அண்ணன் ஒருவர் முன்னால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். எதைப் பார்க்கவேண்டும் என்பதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமான விஷயம், அதை விளக்கமாகச் சொல்கிறேன்.

"வீல்சேர் போகுமா?" என்று யாரிடம் கேட்டாலும் ஆமாம், இல்லை என்ற இரண்டில் ஒன்றுதான் வரும். அந்தப் பதிலால் பிரயோசனமில்லை, ஏனென்றால் அவர்கள் மனதில் இருக்கும் வீல்சேர் வேறு, உங்கள் அப்பாவின் கைபலம் வேறு. நீங்கள் கேட்கவேண்டியது அளவு. எவ்வளவு சரிவு, எவ்வளவு அகலம், பக்கவாட்டில் எவ்வளவு சாய்வு, தரை இறுக்கமா பொலபொலப்பா, வழியில் எத்தனை படி. அமெரிக்காவில் மத்திய அரசின் காட்டு நடைபாதைகளுக்கு இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள், 2013இல் வந்த விதி. அதன்படி 20 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயர்கிற சரிவு எவ்வளவு நீளத்துக்கும் இருக்கலாம். 12க்கு ஒன்று என்றால் 60 மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் போகக்கூடாது, நடுவில் சமதரையாக இளைப்பாற இடம் வேண்டும். 10க்கு ஒன்று என்றால் 9 மீட்டர், 8க்கு ஒன்று என்றால் 3 மீட்டர்தான். அகலம் குறைந்தது 90 சென்ரிமீட்டர். மண் பாதையில் துருத்தி நிற்கும் கல்லோ வேரோ 5 சென்ரிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. இதற்கெல்லாம் மேலாக எனக்குப் பிடித்தது, பாதை தொடங்கும் இடத்திலேயே நீளம், சரிவு, அகலம், தரை எல்லாவற்றையும் பலகையில் எழுதிவைக்கச் சொல்கிறார்கள். போவதா வேண்டாமா என்று வருகிறவரே முடிவு செய்துகொள்வார், வாசலில் நிற்பவர் முடிவு செய்யவேண்டியதில்லை.

நம்மிடம் அந்தப் பலகை இல்லாவிட்டாலும் அளப்பது பெரிய வித்தை அல்ல. மேசன் வைத்திருக்கும் ரசமட்டத்தை இரவல் வாங்குங்கள், ஒரு மீட்டர் நீளமான நேரான சட்டமொன்று எடுங்கள். சட்டத்தைப் பாதையின் போக்கில் தரையில் வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த முனையை உயர்த்துங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் நடுவில் 5 சென்ரிமீட்டர் என்றால் 20க்கு ஒன்று, அப்பா தானாகவே கைகளால் தள்ளிப் போவார். 8 சென்ரிமீட்டர் என்றால் ஏறத்தாழ 12க்கு ஒன்று, அண்ணன் பின்னால் நிற்கவேண்டும். 10க்கு மேல் வந்தால் இரண்டு பேர் வேண்டும், அதுவும் கொஞ்சதூரத்துக்கு. பிறகு அதே சட்டத்தைப் பாதைக்குக் குறுக்கே வைத்தும் பாருங்கள். இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குறுக்குச் சாய்வு 5 சென்ரிமீட்டரைத் தாண்டினால் நாற்காலி பள்ளத்துப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும், ஒரு கை ஓயாமல் தள்ள மற்றக் கை ஓயாமல் பிடிக்க, அரை மணித்தியாலத்தில் தோள்பட்டை விட்டுப்போகும். வீல்சேரில் இருப்பவருக்குத் தோள்தான் கால். அதைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது.

"இது மலைநாடு, இங்கே அதெல்லாம் முடியுமா" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. 1885இல் நானுஓயா வரைக்கும், 1924இல் பதுளை வரைக்கும் இதே மலைகளில்தான் ரயில் பாதை போட்டார்கள். அதில் மிகக் கடுமையான ஏற்றம் 44க்கு ஒன்று. வீல்சேருக்கு வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கு மேல் மென்மையான ஏற்றம் அது! நம்முடைய பாட்டன்மார் வெட்டிய மண்ணில், அவர்கள் கைபட்ட பாதை. ரயில் பாதையில் நடக்கச் சொல்லவில்லை, அது ஆபத்து. மலையைச் சுற்றி மெதுவாக ஏறும் பாதை இந்த மண்ணில் வெட்டமுடியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கொழுந்து இறக்க வெட்டிய பழைய கார்ட் ரோட்டுகள் பலவும் அப்படித்தான் மலையை ஒட்டி வளைந்து போகின்றன.

அதனால் முதல் பயிற்சியை உங்கள் தோட்டத்திலேயே தொடங்குங்கள் என்பேன். பெக்டரிக்குப் போகும் ரோட்டில் சமதரையாக ஓடும் துண்டு ஒன்று கட்டாயம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை லொறி ஓடாத நேரம் பார்த்து, அப்பாவையும் ரசமட்டத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள். எவ்வளவு சரிவில் அவர் தானாகப் போகிறார், எங்கே திணறுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் உங்களுக்கு எல்லா இடத்துக்கும் அளவுகோல். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ ட்ரெயில் என்ற நெடும் நடைபாதை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அதிலும் தோட்ட ரோட்டுகள் நிறைய வருகின்றன, முழுத் துண்டும் சரிவராது, ஆனால் ஊருக்குப் பக்கமாக வரும் இடங்களில் ஒன்றிரண்டு கிலோமீட்டரை இப்படி அளந்து தெரிவு செய்யலாம்.

நுவரெலியாவில் விக்டோரியா பூங்கா எனக்கு முதல் தெரிவு. நகரின் நடுவில், பெரும்பாலும் சமதரை, நல்ல பாதை. காடு இல்லையே என்று நினைக்காதீர்கள், குளிர்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் பறவைகளைத் தேடிப் பறவை பார்ப்பவர்கள் அங்கேதான் வருகிறார்கள். ஆறுமணிக்குருவியும் காஷ்மீரத்து ஈப்பிடிப்பானும் அந்த மாதங்களில் அங்கே தெரியும். அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குப் பறவை கிட்ட வரும். கிரகரி வாவிக் கரையிலும் கொஞ்சதூரம் போகலாம், விடுமுறை நாட்களில் சனக்கூட்டம் தாங்காது. ஹக்கலைப் பூங்கா அழகோ அழகு, ஆனால் மலைச்சரிவில் அமைந்தது. இறங்குவது எளிது, திரும்பி ஏறும்போதுதான் தெரியும். நுழைவாயிலுக்குப் பக்கத்துப் பாதைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோல்வேஸ்லேண்ட் சிறிய காடு, நகரத்துக்கு மிகக் கிட்ட. அங்கே ஒருவர் முன்கூட்டிப் போய் அளந்து பார்த்துவிட்டுத்தான் அப்பாவைக் கூட்டிப்போகவேண்டும்.

ஒரு நாள் முழுதும் அப்பா தன் கையாலேயே சுற்றவேண்டும் என்றால் பேராதனைப் பூங்காவுக்குப் போங்கள். 147 ஏக்கர், அகலமான தார்ப் பாதைகள், பெரும்பகுதி சமதரை, மூன்று பக்கமும் மகாவலி. உடவத்தகெலே உண்மையான காடு, கண்டி நகருக்கு மேலேயே இருக்கிறது, ஹோர்ட்டன் சீமாட்டியின் பெயரிலுள்ள பழைய பாதை நல்ல அகலம். ஆனால் ஏற்ற இறக்கம் உண்டு, மழைக்குப் பிறகு வழுக்கும், தள்ள இரண்டு பேர் இல்லாமல் போகவேண்டாம். அட்டையும் உண்டு. நடக்கிறவனுக்கு அட்டை வெறும் தொல்லை, உணர்வில்லாத காலில் அது கடித்தது தெரியாமலே வயிறு நிறையக் குடித்துவிட்டு விழும். விழுந்த பிறகும் இரத்தம் நிற்காது. நீளமான காலுறைக்குள் காற்சட்டையைச் சொருகி, சவர்க்காரம் தேய்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கு, முழங்காலின் பின்புறம், தொடை எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள்.

குளிர் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், தயவுசெய்து இதை மறக்காதீர்கள். கால் சில்லென்று இருக்கிறதே என்று சுடுதண்ணீர்ப் போத்தலைக் கால்மாட்டில் வைப்பதும், அடுப்புப் பக்கத்தில் காலை நீட்டி உட்காரவைப்பதும் நம்மவர்கள் பாசத்தோடு செய்கிற வேலை. சுடுவது அப்பாவுக்குத் தெரியாது. தோல் வெந்து கொப்புளம் போட்ட பிறகுதான் நீங்கள் பார்ப்பீர்கள், அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். கம்பளி காலுறை இரண்டு, மேலே போர்வை, அது போதும். வேனில் வீல்சேர் மெத்தையை ஆசனத்தின் மேல் போட்டு உட்காரவையுங்கள், நோர்வூட்டிலிருந்து நுவரெலியாவுக்கு அத்தனை வளைவிலும் குலுங்கிக்கொண்டு போகிறவருக்கு அதிலேயே புண் வரும். கால் மணித்தியாலத்துக்கு ஒருதரம், போனால் போகிறது அரை மணித்தியாலத்துக்கு ஒருதரமாவது, கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கச் சொல்லுங்கள். சிறுநீருக்குப் போத்தலோ பையோ கையோடு இருக்கட்டும். வழியில் வீல்சேர் நுழைகிற கழிப்பறை கிடைக்கும் என்று நம்பிப் புறப்படாதீர்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது இன்னும் கெடுதல், அப்புறம் சிறுநீர்த் தொற்று வந்து நிற்கும். வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்து, அவர்கள் வீட்டில் முறிவு நெஞ்சுமட்டத்திலோ அதற்கு மேலேயோ என்றால், திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை வந்தால் உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சரியாகாவிட்டால் நேரே ஆஸ்பத்திரிதான்.

நாற்காலியைத் தள்ளும் விதமும் உண்டு. மேட்டுக்கு அப்பாவின் முகம் முன்னால் பார்க்கத் தள்ளலாம். கடுமையான இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பி, அப்பாவின் முகம் மேட்டைப் பார்க்க, தள்ளுபவர் கீழே நின்று பின்பக்கமாக அடிமேல் அடிவைத்து இறங்கவேண்டும், இன்னொருவர் அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வரவேண்டும். சக்கரத்துப் பிரேக் நாற்காலியை நிறுத்திவைக்கத்தான், ஓடும்போது வேகம் குறைக்க அதைத் தொடாதீர்கள். கல்லும் வேரும் வரும்போது நாற்காலியைப் பின்னால் சாய்த்து, முன்சக்கரங்களை அந்தரத்தில் வைத்து, பெரிய சக்கரத்தில் மட்டும் உருட்டுங்கள். இதை முற்றத்தில் பலமுறை பழகிய பிறகுதான் வெளியே. முன்னால் ஒற்றைப் பெரிய சக்கரம் பூட்டி இந்தச் சிரமத்தைக் குறைக்கலாம், வெளிநாட்டில் அப்படியே விற்கிறார்கள். ஆனால் கால்மிதி ஒரே பலகையாக இறுகியிருக்கும் நாற்காலிக்குத்தான் அது நேராகப் பொருந்தும், இரண்டாக மடியும் கால்மிதிக்கு வெல்டிங் கடையில் ஏதாவது ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். பிரான்சில் 1987இல் மலையேற்ற வழிகாட்டி ஒருவர் நடக்கமுடியாத தன் உடன்பிறந்தாரின் மகனுக்காக ஒற்றைச் சக்கர நாற்காலி ஒன்று செய்தார், முன்னால் ஒருவர் இழுக்கப் பின்னால் ஒருவர் தாங்க, படியும் பாறையும் தாண்டும். அப்படி ஒன்றிரண்டை ஃபார் இன்னில் வைத்து, பழகிய வழிகாட்டிகள் இருந்தால் உங்கள் கேள்விக்கு என் பதிலே வேறாக இருந்திருக்கும்.

அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1996இல் வந்தது, அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. வீல்சேரில் வாழ்ந்த அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளின்படியே இருக்கவேண்டும் என்று 2009இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையையும் இலங்கை ஏற்றுக்கொண்டது, ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் சுற்றுலாவுக்குமான உரிமை அதில் தனிப் பிரிவாகவே இருக்கிறது. டிக்கட் கவுண்டரும் கழிப்பறையும் பார்வையாளர் நிலையமும் யாரோ மனமிரங்கிச் செய்யவேண்டிய தயவல்ல.

ஒரு கடிதம் எழுதுங்கள், தங்கச்சி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு, தமிழிலேயே எழுதலாம். "வசதி செய்து தாருங்கள்" என்று எழுதினால் பார்க்கிறோம் என்று முடித்துவிடுவார்கள், அதனால் அளவைக் கேளுங்கள். ஃபார் இன்னிலிருந்து தொடங்கும் பாதையின் முதல் கிலோமீட்டரில் மிகக் கூடிய சரிவு எவ்வளவு, மிகக் குறைந்த அகலம் எவ்வளவு, எத்தனை படிகள், கழிப்பறைக் கதவின் அகலம் எவ்வளவு, இவற்றை எப்போதாவது அளந்திருக்கிறார்களா, அளந்திருந்தால் அந்த அறிக்கையின் பிரதி. ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. பதில் வந்ததும், நீங்கள் தோட்ட ரோட்டில் குறித்த அப்பாவின் எண்ணையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். எந்தத் துண்டு அவருக்கு ஆகும், எந்த இடத்தில் எத்தனை மீட்டரைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று பார்த்து எழுதுகிறேன்.